N என்றால் இல்லை

“அந்த மதராஸிப் பொண்ணா? கம்ப்யூட்டர்ல ஃபைல் படிக்குதாம், அப்புறம் அதையே திருப்பி எழுதுதாம். அதுக்கு தினம் நியூ டவுன் வரைக்கும் பஸ் புடிச்சுப் போகுது!” டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில், இரண்டாம் மாடி காகிமா, நம் வழக்கில் சித்தி, யாரிடமோ போனில் வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்து உள்ளே போகும்வரை நான் மேல்படியிலேயே நின்றேன். எதிரே போய் நின்றால் அவருக்குச் சங்கடம். எனக்கு அதைவிடச் சங்கடம்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் தொழில் அதுதான். மிஷ்டிக் கடைகளுக்கு, அதாவது இனிப்புக் கடைகளுக்கு, பில் போடும் மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது. எங்கள் பெரிய வாடிக்கையாளருக்கு ஊர் முழுக்கக் கிளைகள். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த பிரிண்டர், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்பதெல்லாம் கான்ஃபிக் ஃபைல் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். அதை எங்கள் நிரல் நேரடியாகப் படிக்காது. எங்கோ யாரோ எழுதிவைத்த ஒரு தயார் நிரல் படித்துச் சொல்லும், எழுதியும் கொடுக்கும். அதற்கு லைப்ரரி என்று பெயர். இந்த வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கோப்பில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, லைப்ரரி அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம்.

நான் அங்கே ஒப்பந்த ஊழியர். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள், எனக்கு மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். நிரந்தரமானால் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அம்மாவின் இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா கடைசியாகக் கீழே இறங்கியது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது.

கண்ணுக்கு நேர்

கோப்பில் சில வரிகளை உள்ளே தள்ளி எழுத வேண்டும். இடைவெளி விட்டுத் தள்ளினால் லைப்ரரி படிக்கும். டேப் பொத்தானைத் தட்டித் தள்ளினால் படிக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கரியாஹாட் கடை மேனேஜர் ஹால்தார்பாபு ஒழுங்குப் பிரியர். தட்டில் சந்தேஷ் அடுக்கினால்கூட ஸ்கேல் வைத்ததுபோல் இருக்கும். பிரிண்டர் பெயரை மாற்றுவதற்காகக் கோப்பைத் திறந்தவர், வரிகள் கோணலாக இருப்பதைப் பொறுக்க முடியாமல் டேப் தட்டி எல்லாவற்றையும் நேராக்கிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம், வாசல்வரை கூட்டம், பில் திரை திறக்கவில்லை. நான் போனில் மெல்லிய குரலில், “கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து இருக்கு காகு, அதை அழிக்கணும்” என்றேன். பின்னால் கூச்சல். அவர் மட்டும் நிதானமாகப் பேசினார்.

“மா, கண்ணுக்குத் தெரியற ஈயையே நான் இன்னும் விரட்டி முடிக்கல. கண்ணுக்குத் தெரியாததை எங்கேம்மா தேடி அழிக்கறது?”

அறுநூற்று முப்பது

டாக்குரியாக் கிளை காலை பத்தரைக்குத் திறக்கும். கோப்பில் 10:30 என்று இருந்தது. எங்களிடம் இருக்கும் படிக்கிற லைப்ரரி கொஞ்சம் பழையது. பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் இரண்டு புள்ளியைப் பார்த்ததும், பத்தை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டி, 630 என்று விடை சொல்லிவிடும். யாரும் அதனிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்காமலே கூட்டுவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கடையின் செயலியில் ‘திறக்கும் நேரம் 630’ என்று வந்துவிட்டது.

ஒரு பெரியவர் ஆறரைக்கே போய் ஷட்டரைத் தட்டியிருக்கிறார். பழைய பில்லில் இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்த போன் என்னிடம். பனியில் நின்றதால் அவர் குரல் கரகரத்தது. அறுபதால் பெருக்கிய கதையை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஆறரைன்னு எழுதிட்டுப் பத்தரைக்குத் திறக்கறீங்க. நான் வேலை பாத்த சர்க்கார் ஆபீஸே உங்களுக்கு மேல். அங்க நாங்க நேரமே எழுத மாட்டோம்.”

காது இல்லாத கோப்பு

நான் கூட்டங்களில் பேசமாட்டேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வரும், அதற்குள் யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் கோப்பிலேயே குறிப்பாக எழுதிவைப்பேன். வரிக்கு முன்னால் # என்ற வேலிக்குறி போட்டால் லைப்ரரி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், மனிதர்கள் படித்துக்கொள்ளலாம். ‘இங்கே டேப் வேண்டாம்.’ ‘நேரத்தை மேற்கோள் குறிக்குள் போடவும், இல்லையென்றால் பெருக்கிவிடும்.’ ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் யாராவது ஒருவர் என்னைத் திட்டிய ஒரு நாள் இருந்தது. பல மாதங்கள் எழுதினேன். நான் அந்த ஆபீஸில் பேசியதெல்லாம் அவ்வளவுதான் என்று சொல்லலாம்.

எங்கள் குழுத் தலைவர் தேபாஷிஷ்தா, கோப்புகளைத் திருத்துவதற்கு ஒரு திரை செய்தார். அதற்கு எழுதிக்கொடுப்பது வேறொரு லைப்ரரி, புத்தம் புதியது. அது கோப்பைப் படித்து, தனக்கு வேண்டிய விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் புதிதாக எழுதும். அவர் எல்லாக் கிளைகளையும் தேர்ந்தெடுத்து ‘சேமி’ பொத்தானை ஒரு தரம் அழுத்தினார். என் குறிப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய பிரதியிலிருந்து மீட்டு வைத்தேன். மறுநாள் அவர் மறுபடி அழுத்தினார். அன்றைக்கு எழுந்து அவர் மேசைவரை போய், “தேபாஷிஷ்தா, என் குறிப்பெல்லாம் போயிடுச்சு” என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்ல வேண்டியதை மீட்டிங்ல வாயைத் திறந்து சொல்லு ரேபொத்தி. ஃபைலுக்குக் காது கிடையாது.”

டைட்டில் என்ன?

என் பெயர் ரேவதி. வங்காளி வாயில் அது ரேபொத்தி. அது பழகிவிட்டது. பழகாத கேள்வி ஒன்று உண்டு: “டைட்டில் என்ன?” இந்த ஊரில் குடும்பப் பெயருக்கு டைட்டில் என்று சொல்வார்கள். தாஸ், பாசு, ஹால்தார் என்று எல்லோருக்கும் ஒன்று இருக்கும். எனக்கு இருப்பது N. அப்பா நாகராஜன், அவருடைய முதல் எழுத்து. தமிழில் எழுதினால் ‘என். ரேவதி’. சின்ன வயதில், புள்ளியைக் கவனிக்காமல், அப்பா ‘என் ரேவதி’ என்று உரிமை கொண்டாடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் பெயர் ரேவதி, டைட்டில் N. பழைய லைப்ரரிக்கு yes என்றாலும் y என்றாலும் ‘ஆமாம்’. no என்றாலும் n என்றாலும் ‘இல்லை’. அதை False என்று திருப்பிக் கொடுக்கும். எனவே நான் அனுப்பும் ஒவ்வொரு தகவலின் கீழும் ‘ரேவதி ஃபால்ஸ்’ என்று வந்தது. பக்கத்து நாற்காலி மௌமிதா, எனக்கு இரண்டு வயது இளையவள், எனக்கு முன்னால் நிரந்தரமானவள், “ஃபால்ஸ்-தி, டீ குடிக்க வரியா?” என்று கூப்பிட ஆரம்பித்தாள். இங்கே பெயரோடு ‘தா’ சேர்த்தால் அண்ணன், ‘தி’ சேர்த்தால் அக்கா. N-ஐச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் சரியாகிவிடும். போட்டேன். தேபாஷிஷ்தா பொத்தானை அழுத்தினார். புதிய லைப்ரரிக்கு N வெறும் எழுத்துதான். அதற்கு எதற்கு மேற்கோள் என்று கழற்றிவிட்டது. பழைய லைப்ரரி படித்தது. மறுபடி ஃபால்ஸ். ஒன்று கழற்றும், மற்றது பொய்யாக்கும். இரண்டுக்கும் நடுவில் நான்.

கேலியோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். மாதக் கடைசியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு நிரல் தொகுத்து பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். டைட்டில் ‘இல்லை’ என்று இருந்தால், முழுமையில்லாத பதிவு என்று அந்த ஆளைத் தாண்டிவிடும். சேர்ந்த நாளிலிருந்து என் பெயர் பெங்களூருக்குப் போகவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் முழங்கால் இந்த ஒற்றை எழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டு, “அப்ப பேங்க்ல இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டதெல்லாம் யாரு?” என்றார். தேபாஷிஷ்தாவிடம் சொன்னேன், பழைய லைப்ரரியை மாற்றினால் போதும் என்றும் சொன்னேன். ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்ற முடியாது என்றார். ஒரு எழுத்துக்காகவா என்றார். பிறகு, சமாதானமாகச் சொல்வதுபோல்:

“லைப்ரரி மேல தப்பு இல்ல. உன் பேருதான் ஸ்டாண்டர்ட் ஃபார்மட்ல இல்ல.”

நோவாபாரா

ஊரே கொண்டாடும் பூஜைக்கு முன்னால் வாடிக்கையாளர் நோவாபாராவில் புதுக் கிளை திறந்தார். ஒவ்வொரு கிளைக்கும் இரண்டெழுத்துக் குறியீடு. கரியாஹாட்டுக்கு GH, டாக்குரியாவுக்கு DH. நோவாபாராவுக்கு NO. அதைப் பார்த்ததும் எனக்கு என் N நினைவுக்கு வந்தது. உடனே தேபாஷிஷ்தாவுக்கு மெயில் அனுப்பினேன். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். அவர் அறையில் நாலு பேர் இருந்தார்கள்.

திறப்பு விழா அன்று கடைக்கு மாலை போட்டாகிவிட்டது, சங்கு ஊதியாகிவிட்டது, கண்ணாடிப் பெட்டிகள் காலி. மிஷ்டி எல்லாம் ஒரே சமையற்கூடத்திலிருந்து வண்டியில் போகும். வண்டிக்கு லைப்ரரி கொடுத்த பட்டியலில் நோவாபாரா ‘இல்லை’. கடை முதலாளி போனில் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே எங்கள் தளம் முழுக்கக் கேட்டது. அன்று மத்தியானத்துக்குள் ஓடுகிற வண்டியில் சக்கரம் மாறிவிட்டது. மாறியது என்றால், லைப்ரரியை மாற்றவில்லை. எங்கேயெல்லாம் ‘இல்லை’ என்று வருகிறதோ அங்கேயெல்லாம் NO என்ற இரண்டெழுத்தைப் போட்டுவிடும்படி தேபாஷிஷ்தா ஒரு ஒட்டுப் போட்டார். நோவாபாராவுக்கு வண்டி கிளம்பியது. நானும் ஃபால்ஸிலிருந்து ‘ரேவதி நோ’ ஆனேன். அதைக் கண்டு முதலில் கைதட்டியவள் மௌமிதா. முதலாளி மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை.

“வாடகை நான் கொடுக்கறேன். கடை இருக்கா இல்லையான்னு உங்க கம்ப்யூட்டர் முடிவு பண்ணுமா?”

நடந்து போகும் ரசகுல்லா

உங்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பீர்கள். கரியாஹாட் கடை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை; கோப்பில் ‘வீட்டு டெலிவரி: இல்லை’ என்று இருந்தது. ஒட்டுப் போட்டபின் அது NO என்ற சொல் ஆகிவிட்டது. நிரலுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த இடத்தில் ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும், உண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆக, இல்லை என்று எழுதியிருந்த எல்லாக் கடைகளிலும் டெலிவரி உண்டு என்று செயலி அறிவித்தது. அதுவும் பூஜை வாரத்தில்.

சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. கிளைக் குறியீடும் ஆட்களின் டைட்டிலும் இருக்கும் இடங்களில் மட்டும் ஒட்டு நிற்கட்டும், மற்ற இடங்களில் ‘இல்லை’ இல்லையாகவே இருக்கட்டும் என்று எழுதினேன். டைட்டிலை ஏன் விட்டுவைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நோ என்றாலும் ஒரு பெயர். பட்டியலில் தாண்டிப் போகாது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹால்தார்பாபு கூப்பிட்டார்.

“மா, பாலிகஞ்ச்லேருந்து ஆர்டர் வந்திருக்கு. பானையைத் தலையில வெச்சுக்கிட்டு நானே நடந்து போகட்டுமா, இல்ல ரசகுல்லாவையே நடந்து போகச் சொல்லட்டுமா?”

வெள்ளிக்கிழமைக்குள்

பூஜை முடிந்து, விஜயதசமிக்குச் சொல்லும் விஜயா வாழ்த்தெல்லாம் ஓய்ந்த பிறகு, பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. யார் இந்த ரேவதி நோ? ஒரே மாதத்தில் இவ்வளவு வேலை செய்திருக்கிறாரே, இவர் ஏன் இன்னும் ஒப்பந்தத்தில்? தேபாஷிஷ்தாவே என் இருக்கைக்கு வந்து, நிரந்தரக் கடிதம் தயாராகிறது என்றார். நான் கழிவறைக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மா, “ஆபரேஷன் ஆனா லேக் வரைக்கும் நடக்கலாமோ?” என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை மனிதவளப் பிரிவில் பரோமிதாதி கடிதத்தை என் முன் வைத்தார். ‘அன்புள்ள ரேவதி ஐயர்’ என்று தொடங்கியது. வேறு யாருடையதோ என்று நினைத்து, உள்ளே தாள்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் ஐயர். காப்பீட்டுப் படிவத்தில் அப்பாவும் ‘நாகராஜன் ஐயர்’ ஆகியிருந்தார். தேபாஷிஷ்தா உள்ளே வந்தார்.

“நோ-ன்னு எப்படிக் கடிதம் அனுப்பறது? அதான் ஃபைல்ல நானே மாத்திட்டேன்,” என்றார். “இப்ப பார்க்க ஒழுங்கா இருக்கு இல்ல?”

“நாங்க ஐயர் இல்ல,” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

“சௌத் இண்டியன்தானே?”

“நாகராஜன்னு போட்டிருக்கலாமே.”

“அது உங்க அப்பா பேரு. நான் கேக்கறது டைட்டில்.”

பரோமிதாதி என்னைப் பரிவோடுதான் பார்த்தார். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பெங்களூருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், என் ஒப்பந்தம் நாளையோடு முடிகிறது, முடிந்துவிட்டால் புது ஆளாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கினார். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

“சோனா, என் தங்கமே, இப்ப கையெழுத்துப் போட்டுடு. அப்புறமா அலிபூர் கோர்ட்ல ஒரு அஃபிடவிட் போட்டு, நீயும் உங்க அப்பாவும் பேரை ஐயர்னே மாத்திக்கலாம்.”

கையெழுத்து தடுமாறித் தெரியக்கூடாது என்று, பரோமிதாதியின் மேசையில் கிடந்த பழைய உறையின் பின்பக்கத்தில் ‘ரேவதி ஐயர்’ என்று சில தடவை எழுதிப் பார்த்தேன். கை பழகியதும், கடிதத்தின் எல்லாப் பக்கத்திலும் அதேபோல் போட்டுக் கொடுத்தேன்.